செலிகாவும் ஊர்ப்பட்ட வேகத்தடைகளும்

ராஜபாண்டியின் காரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில்தான் கேள்வி கேட்பார்கள். “இது என்ன வண்டிண்ணே?” “லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?” “ஸ்பேர் கிடைக்குதா?” கடைசியில் குரலைத் தாழ்த்தி, சாவு வீட்டில் விசாரிப்பதுபோல, “எதுக்குண்ணே இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறீங்க?” டீக்கடை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபத்து வாசல் என்று எங்கே நிறுத்தினாலும் இந்த நாலும் உண்டு. ஆரம்பத்தில் அவர் ஆசை ஆசையாகப் பதில் சொன்னார். பிறகு சிரித்து மழுப்பினார். ரிட்டயர் ஆகிற வயது வந்தபோது, யாராவது காரைச் சுற்றிவரத் தொடங்கினாலே டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புகிற ஆளாகிவிட்டார்.

கேட்கிறவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மதுரையில் அப்படி இன்னொரு வண்டி கிடையாது. ஜப்பானில் செய்த டொயோட்டா செலிகா. சிவப்பு நிறம், ரெண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் அதன் கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். முகப்பு விளக்குகள் பகலெல்லாம் பானட்டுக்குள் தூங்கும். சுவிட்சைத் திருகினால் மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து முழிக்கும். வில்லாபுரத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் தவளைக் காரு. அந்தத் தெருவில் போய் ‘ராஜபாண்டி வீடு எது’ என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘தவளைக் காரு வீடு’ என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் ஒன்றும் பணக்காரர் இல்லை. மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். உலகத்தில் யாரும் வாசலைப் பார்த்துக் காத்திருக்காத விருந்தாளி என்றால் அவர்தான். நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். வெயிலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே சாவகாசமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ‘போன தடவை இம்புட்டு வரலையே’ என்று சண்டைக்கு வருவார்கள், என்னவோ அவரே வந்து ஏசியைப் போட்டுவிட்டுப் போன மாதிரி. நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவர் பார்க்கிற வீடுகளில் கோச்சடையில் ஒரு டாக்டர் வீடு இருந்தது. அங்கே மீட்டர் பெட்டி கார் ஷெட்டுக்குள் இருந்தது. டாக்டர் மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியபோது கப்பலேற்றிக் கொண்டுவந்த வண்டிதான் செலிகா. ராஜபாண்டி முதல் தடவை ஷெட்டுக்குள் போனபோது டாக்டர் விளக்கை முழிக்க வைத்துக் காட்டினார். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது என்று ராஜபாண்டி பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அவருக்கு விவரிக்கத் தெரியாது. டாக்டர் காலமான பிறகு வண்டி தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது. ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கப் போகிறவர், தார்ப்பாயின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஒழுங்காக மூடிவிட்டு வருவார்.

டாக்டரின் மனைவி விஜயம் இதைப் பல தடவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார். “மீட்டர் சுவத்துல இருக்கு. நீங்க என்ன எப்பவும் தரையிலயே தேடிக்கிட்டிருக்கீங்க?”

ராஜபாண்டிக்கு முகம் செத்துப்போனது. “இல்லம்மா, டயருல காத்துப் போயிருச்சு. இப்பிடியே நின்னா ரப்பரு வெடிச்சிரும்மா. அதான் பாத்தேன்.”

அந்தம்மாள் தார்ப்பாயைப் பார்த்தார். “அவர் இருந்தா அவருக்குத்தான் இந்தக் கவலை வந்திருக்கும்” என்றார். அடுத்த தடவை அவர் போனபோது சாவியை எடுத்து வைத்திருந்தார். காயலான் கடைக்காரன் கேட்ட விலைக்கே ராஜபாண்டிக்குக் கொடுத்தார். அவர் ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு வாங்கினார் என்பதைத் தவிர அந்தக் கணக்கில் சொல்ல வேறொன்றும் இல்லை.

திருப்பரங்குன்றத்தில் பட்டறை வைத்திருக்கும் சுருளிதான் அதற்கு உயிர் கொடுத்தது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பிரித்துப் போட்டுச் சேர்த்தார். “அண்ணே, இஞ்சின் கல்லு கணக்கா இருக்கு. மத்ததெல்லாம் எலி தின்ன மிச்சம்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நாலுவழிச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். கியர் மாற்றும்போது கையில் ஒரு சொடுக்கு. ஸ்டியரிங்கில் ரோட்டின் சொரசொரப்பு அப்படியே விரலுக்கு வந்தது, தூண்டில் கயிற்றில் மீன் கடிப்பது தெரிகிற மாதிரி. இஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டுகிற முள் ஏற ஏற, பின்னால் இருந்து யாரோ தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனதுபோல் இருந்தது. வாழ்நாளெல்லாம் மீட்டர் பார்த்த மனிதர். இது ஒன்றைத்தான் பார்த்துவிட்டு எங்கும் எழுத வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கப்பலூர் போய்த் திரும்பியபோது கண்ணில் தண்ணீர் நின்றது. காற்று அடித்துவிட்டது என்று சுருளியிடம் சொன்னார். கண்ணாடி ரெண்டும் ஏற்றியிருந்தது.

இந்தக் கதையில் இதுவரை வந்ததெல்லாம் சந்தோஷம். இனிமேல் வேகத்தடை.

நம் பக்கத்து ஊர்களில் வேகத்தடையை அரசாங்கம் மட்டும் போடுவதில்லை. ஆட்டுக்குட்டி அடிபட்டால் ஒன்று. கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தால் ஒன்று. முன்னாள் தலைவர் வீட்டு முன்னால் போட்டாயிற்றா, இந்நாள் தலைவர் வீட்டு முன்னால் அதைவிட உயரமாக ஒன்று. ரோடு போட வந்தவரிடம் மிச்சத் தாரையும் ஜல்லியையும் கேட்டு வாங்கி, குப்பைமேடு மாதிரிக் குவித்து, அதற்கு விபூதியும் பூசிவிடுவார்கள். மற்ற வண்டிகள் ஏறி, குதித்து, வைதுவிட்டுப் போய்விடும். செலிகாவுக்கு வயிறு தட்டும். ஒரு தடவை தட்டினால் சைலன்சர் போகும், சில நேரம் ஆயில் தொட்டியே உடையும். உடைந்தால் நாலு மாதம் வண்டி முடங்கும்.

அதனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்தது. வேகத்தடை வந்தால் ராஜபாண்டி நிறுத்துவார். மனைவி முனீஸ்வரியும் மகள் ஆர்த்திகாவும் இறங்குவார்கள். பாரம் குறைந்த வண்டி ரெண்டு விரற்கடை உயரும். பிறகு காரை நேராக விடாமல் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். முனீஸ்வரி தடைக்கு அந்தப்பக்கம் போய் நின்று, சேலையை முழங்காலில் ஒதுக்கிக்கொண்டு குனிந்து, வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தபடி கை காட்டுவார்.

“வாங்க… வாங்க… இருங்க! இங்குட்டு ஒடிங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அம்புட்டுத்தான், இப்பப் பைய விடுங்க.”

நாலாவது சக்கரமும் இறங்கிய பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். அடுத்த வேகத்தடை வரைக்கும் அர்ச்சனை நடக்கும். “ஊருல உள்ளவளுக எல்லாம் காருல போயி இறங்குறாளுக. காரு வச்சிருக்கவருக்கு வாக்கப்பட்டு, பாதித் தூரம் நடந்து வந்தவ நான் ஒருத்திதான்.” ராஜபாண்டி வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் வேகத்தடையைவிட மோசமாகும் என்று அவருக்குத் தெரியும்.

அவர்கள் குலசாமி கோயில் விக்கிரமங்கலம் தாண்டி இருக்கிறது. கோச்சடை, துவரிமான், மேலக்கால் வழியாக வைகையை ஒட்டிப் போகிற ரோடு. மாசியில் சாமி கும்பிடப் போகிறபோது அந்த ரோட்டில் முனீஸ்வரி இறங்கி ஏறுகிற இடங்களுக்கு அளவே இல்லை. இறங்குகிற இடத்தில் எல்லாம் அவருக்கு ஆள் உண்டு. துவரிமானில் ஒரு வீட்டுத் திண்ணைக்காரி தண்ணீர்ச் சொம்போடு வருவாள். மேலக்கால் வேகத்தடையை ஒட்டிக் கொய்யாப்பழம் விற்கிற ராமக்காள், சிவப்பு வண்டி தூரத்தில் வரும்போதே எழுந்து ரோட்டுக்கு வந்து எதிரே வருகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி வைப்பார். “என்னத்தா, இன்னும் இந்தத் தவக்களையைத்தான் கூட்டிக்கிட்டு அலையிறியா?” என்பார். “எந்தலையெழுத்து அக்கா” என்று முனீஸ்வரி சொல்வார். இருவரும் சிரிப்பார்கள். பஸ்காரன் ஹாரன் அடிப்பான்.

ராஜபாண்டிக்குக் கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். பழைய ஜப்பான் வண்டிகளை விடாமல் வைத்திருக்கிற ஆட்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் பழைய ஹோண்டாவில் வருவார். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் லான்சரில் வருவார். நாகர்கோவிலிலிருந்து அனந்தபத்மநாபன் என்ற கல்லூரி வாத்தியார். எப்போதாவது ஒரு ஞாயிறு காலை கப்பலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரிச் சுற்றி நிற்பார்கள். அங்கே யாரும் மைலேஜ் கேட்டதில்லை. அதற்காகவே அவர் போனார் என்று சொன்னாலும் தப்பில்லை.

“புது வண்டி நம்மள உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவும் சார். தூங்கினாலும் தெரியாது” என்று ஒரு தடவை வாத்தியார் சொன்னார். “இது அப்படியில்ல. நம்ம கையும் காலும் இருந்தாத்தான் இது போவும். காலேஜ்லயும் வீட்லயும் நான் இல்லாட்டாலும் எல்லாம் நடக்கு. இதுக்கு மட்டும் நான் வேணும்.”

ராஜபாண்டி அந்தச் சொல்லை வீடு வரைக்கும் கொண்டுவந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இதெல்லாம் உடம்பில் தெம்பு இருந்த காலம். ஆசைக்கு வயசாகாது என்பார்கள். ஆசைப்பட்டவனுக்கு வயசாகும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு ரப்பர் வளையம் வேண்டுமென்றால் மலேசியாவிலோ துபாயிலோ இருந்து வருகிற யாருடைய பெட்டியிலாவது சொல்லி வைக்க வேண்டும். வந்த வளையம் பொருந்தாது. மறுபடி சொல்லி வைக்க வேண்டும். ஏசி நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று. மதுரை மேமாசத்தில் அதற்குள் உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். இடதுபக்க விளக்கின் மோட்டார் தேய்ந்து, சுவிட்சைத் திருகினால் ஒரு கண் முழிக்கும், ஒரு கண் தூங்கும். எதிரே வருகிறவன் பைக் என்று நினைத்து மேலே ஏற வருவான். இறங்கிப்போய்க் கையால் தூக்கிவிட வேண்டும். சுருளிக்கும் கண்ணில் புரை விழுந்து, “அண்ணே, தடவிப் பாத்துத்தான் வேலை பாக்குறேன்” என்று சொல்ல ஆரம்பித்தார்.

ரிட்டயர் ஆனபிறகு நிறைய ஓட்டலாம் என்று நினைத்திருந்தார். ஆனபிறகு பார்த்தால், தார்ப்பாயை உருவுவதற்கே யோசனையாக இருந்தது. காலையில் காபியைக் குடித்துவிட்டு வண்டியைப் பார்ப்பார். கழுவ வேண்டும், பேட்டரியைப் பார்க்க வேண்டும், கீழே ஒழுகியிருப்பது என்னவென்று குனிந்து பார்க்க வேண்டும். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விடுவார். அந்த அலுப்பை அவர் தனக்குத்தானே கூட ஒத்துக்கொள்ளவில்லை. உயிராக நினைத்த ஒன்று பாரமாகிவிட்டது என்று சொல்ல யாருக்குத்தான் நாக்கு எழும்பும்?

அந்த நேரத்தில்தான் முனீஸ்வரிக்கு முழங்கால் வீங்கியது. மூட்டு தேய்ந்திருக்கிறது, தரையில் உட்காரக் கூடாது, தாழ்ந்த நாற்காலி, தாழ்ந்த கட்டில் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் வேலை பார்க்கிற ஆர்த்திகா போனில் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

“அப்பா, அம்மா இனிமே அந்தக் குழிக்குள்ள எறங்கி ஏற முடியாது. அத யாருகிட்டயாவது குடுத்துருங்க. நான் ஒரு நல்ல வண்டி எடுத்துத் தாரேன். உயரமா இருக்கும், அம்மா சும்மா சோபாவுல உக்காருற மாதிரி உக்காரலாம்.”

“சரித்தா” என்றார் ராஜபாண்டி.

எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து மூன்று நாலு வாதங்களைத் தயாராக வைத்திருந்த மகள், “ப்பா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டாள்.

அவர் கூட்டாளிகளுக்குச் சேதி போட்டார். வாத்தியார் உடனே கூப்பிட்டார். “ஏன் சார், இத்தனை வருஷம் வச்சுக்கிட்டு?” “வீட்டுல அவளுக்கு மூட்டு முடியல சார். அதான்.” சுருளியிடமும் அதையேதான் சொன்னார். எதிர்வீட்டுக்காரரிடமும், பால்காரரிடமும். சொல்லச் சொல்ல அது நல்ல காரணமாகவே பட்டது. பொண்டாட்டிக்காக உயிரான வண்டியை விற்கிற மனிதர். எதிர்வீட்டுக்காரர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். முனீஸ்வரியிடம் மட்டும் அவர் எதையும் கேட்கவில்லை. அவள்தான் இத்தனை வருஷமாக வைதுகொண்டிருக்கிறாளே, கேட்க என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து சிவராம் என்ற இளைஞர் ஒரு நண்பரோடு வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சின்ன வயதில் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் இந்த வண்டியின் படத்தை ஒட்டி வைத்திருந்தாராம். பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், ஒரு சுற்று வந்தார். மைலேஜ் கேட்கவில்லை. ராஜபாண்டிக்கு அது போதும்.

“சார், இடது லைட்டை மட்டும் கையால தூக்கிவிடணும். ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடாகி முள்ளு எறங்குற வரைக்கும் காத்திருங்க. அவசரப்பட்டா அதுக்குப் பிடிக்காது” என்று சொல்லிக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்வதற்கே சோர்வாக இருந்தது.

முனீஸ்வரி கீழே வரவில்லை. காபியைக் கொடுத்தனுப்பிவிட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சாவி கைமாறி, வண்டி தெருமுனைக்குப் போனது. அங்கே ஒரு வேகத்தடை இருக்கிறது. சிவராம் நேராக ஏற்றப் போனார். மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

“யப்பா! குறுக்க விடச் சொல்லுங்க! கூட இருக்க தம்பிய எறக்கி விடச் சொல்லுங்க! வயிறு தட்டும்!”

ராஜபாண்டி ஓடிப்போய் நண்பரை இறக்கிவிட்டு, கை காட்டி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினார். சிவப்பு வண்டி முனை திரும்பி மறைந்தது. திரும்பி வந்து பார்த்தபோது மாடியில் முனீஸ்வரி இல்லை. ஈரத்துணி வாளியிலேயே கிடந்தது. வழக்கம்போலக் கத்தினாள் என்றுதான் அவர் நினைத்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், பல மாதங்களுக்குப் பிறகு அசந்து தூங்கினார். எழுந்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

புது வண்டி வந்தது. வெள்ளை நிறம், ஆள் உயரம், உள்ளே ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர்ச்சி. கியர் அதுவாகவே மாற்றிக்கொள்ளும். கதவைத் திறந்தால் இருக்கை முனீஸ்வரியின் இடுப்புக்கு நேராக இருந்தது. பெட்ரோல் பங்கில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. இருந்தாலும் முதல் தடவை பங்கிலிருந்து கிளம்பும்போது, யாராவது கேட்பார்கள் என்று ஒரு கணம் தாமதித்தார்.

மாசி வந்தது. சாமி கும்பிடக் கிளம்பினார்கள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, இவர்கள் ரெண்டு பேர் மட்டும். காளவாசல் தாண்டி, கோச்சடை தாண்டி, துவரிமான் வந்தது. முதல் வேகத்தடையில் வெள்ளை வண்டி ஏறி இறங்கியது. சொம்புத் தண்ணீர்க்காரி வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஏற்றிய வெள்ளை வண்டியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. முனீஸ்வரி கையைத் தூக்கினார். கண்ணாடிக்குள் இருந்து தூக்கிய கை யாருக்குத் தெரியும்? தன் மடியிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

ரெண்டு பக்கமும் நெல்லும் தென்னையும் போய்க்கொண்டிருந்தன. ராஜபாண்டி எதையோ யோசித்துக்கொண்டு ஓட்டினார். அந்த வண்டியில் யோசித்துக்கொண்டே ஓட்டலாம், அதுதான் அதன் பெருமை. மேலக்கால் வேகத்தடை வந்தது. ஊரிலேயே பெரியது. அவர் கால் பிரேக்கில் போனது. வண்டி நின்றது. பக்கத்துக் கதவு திறந்தது. முனீஸ்வரி ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் ஊன்றி, இறங்கினார். வேகத்தடையைக் கடந்து அந்தப்பக்கம் போனார். சேலையை முழங்காலில் ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

குனிந்தவருக்கு வண்டியின் அடிவயிறு தெரியவில்லை. அடியில் அந்தப்பக்கத்து ரோடும், வயலும், நின்றுகொண்டிருந்த ஒரு ஆட்டின் காலும் தெரிந்தன. அப்படியே நின்றார்.

ராஜபாண்டி கண்ணாடியை இறக்கினார். சிரிப்பு வந்தது. “ஏ, என்னத்தா! இந்த வண்டிக்கு எதுக்கு எறங்குன?”

முனீஸ்வரி நிமிர்ந்தார். “நீங்க எதுக்கு நிறுத்துனீங்க?”

அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. பின்னால் ஒரு மினிபஸ் வந்து ஹாரன் அடித்தது. வண்டியைத் தடைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். ராமக்காள் அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டு, கூடையை விட்டு எழுந்தார். “அடியாத்தீ, நீதானா? தவக்களையைக் காணமேத்தா?”

“வித்தாச்சுக்கா” என்றார் முனீஸ்வரி. “எனக்கு மூட்டு முடியலன்னு வித்துட்டாராம். ஊரெல்லாம் சொல்லியிருக்காரு. எதிர்வீட்டுக்காரரு சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

ராமக்காள் இருவர் முகத்தையும் பார்த்தார். வயதில் மூத்தவர், ஊரறிந்தவர். “நல்ல பழமாப் பாத்து எடுக்குறேன்” என்று சொல்லிவிட்டுக் கூடைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒனக்காகத்தான முனீஸு…” என்று ராஜபாண்டி ஆரம்பித்தார்.

“மூட்டு என்னோடது” என்றார் முனீஸ்வரி. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டு வைதே கேட்டுப் பழகிய ராஜபாண்டிக்கு அந்த மெல்லிய குரல் புதிதாக இருந்தது. “அலுப்பு ஒங்களோடது. தெனமும் காலையில அந்த வண்டிய நீங்க பாக்குற பார்வைய நான் பாக்கலையா? தார்ப்பாயத் தொட்டுட்டுத் திரும்பி வந்தீங்களே, அதப் பாக்கலையா? அலுத்துப்போச்சுடீன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாவிய நானே எடுத்து அந்தத் தம்பி கையில குடுத்திருப்பேன். எம்புட்டு வருசமா இந்த ரோட்டுல குனிஞ்சு நின்னு அதைக் கரையேத்தியிருக்கேன். பழிய மட்டும் எம்மேல போட்டு வித்துட்டீங்களே.”

“நீ அத வஞ்சுக்கிட்டே இருந்த…”

“ஒங்களையுந்தான் வையிறேன். வித்துட்டனா?”

வீடு வீடாகப் போய் அடுத்தவர் மீட்டரைப் படித்த மனிதர், சொந்த வீட்டில் ஒன்றையும் படிக்காமல் இருந்துவிட்டார். பதில் சொல்லத்தான் வேண்டும். மனசுக்குள் எத்தனையோ மாதமாகக் கிடந்ததை இழுத்து வெளியே போட்டார்.

“அலுத்துப்போச்சு முனீஸு. முடியல. அதப் பாத்தாலே அழுகையா வந்துச்சு. ஆசையா வச்சிருந்தத எப்பிடி வேண்டாம்னு சொல்றது? அதான் ஒன்னச் சொன்னேன்.”

முனீஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல.”

ராமக்காள் கொய்யாப்பழப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று சண்டை பிடித்து, கடைசியில் வாங்கிக்கொண்டார். “அடுத்த மாசிக்கு வந்தா ஹாரன் அடிங்கப்பா. வெள்ளை வண்டி எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு” என்றார்.

ராஜபாண்டி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். முனீஸ்வரி வலிக்கிற காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார். கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்தில் அடுத்த வேகத்தடை வந்தது. இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை, முனீஸ்வரியும் இறங்கவில்லை. வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார்கள். அடியில் எதுவும் உரசவில்லை.